குளவிக்குப் பயந்த வயர்

கதவுக் கண்ணாடிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மேல் மூலையில் மட்டும் யாரோ நகத்தால் சுரண்டியது போல ஒரு கீறல் இருந்தது. சிவதர்ஷன் குதிக்காலை உயர்த்தி, அந்தக் கீறலில் ஒற்றைக் கண்ணை வைத்து, உள்ளே சுவரின் உச்சியில் பூட்டியிருந்த எமர்ஜென்சி லைட்டைத் தேடிப் பிடித்தான். அதன் அடியில் சிவப்பாக ஒரு புள்ளி எரிய வேண்டும்.

எரியவில்லை.

"ஐயோ," என்றான்.

வெளியே கார்த்திகை மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பின்னேரம்தான். ஆனாலும் வாவிப் பக்கமிருந்து வந்த கருமுகில் ஆஸ்பத்திரியின் பழைய கட்டிடத்தை அப்படியே மூடிவிட்டது. கொரிடோர் டியூப் லைட்டுகள் ஒரு தரம் கண்ணடித்துவிட்டு மறுபடி எரிந்தன. கதவுக்கு மேலே மூன்று மொழியில் 'பிரசவ அறை' என்று போட்டிருந்தது.

அவனுடைய மனைவி கம்சாயினிக்கு இது முதல் பிள்ளை. அவளை லேபர் றூமுக்குக் கொண்டுபோய்விட்டதாக மாமி போனில் சொன்னபோது, அவன் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் கூரைக்குக் கீழே ஏணியில் நின்றான். மாமி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவன் கேட்கவில்லை. இறங்கி, மோட்டார் சைக்கிளை எடுத்து, நனைந்துகொண்டே வந்தான். கிரான் சந்தியைத் தாண்டுவதற்குள் சட்டைப்பையிலிருந்த போன் தண்ணீர் குடித்துச் செத்துப்போனது. ஆஸ்பத்திரிக்குள் அவன் யாரிடமும் வழி கேட்கவில்லை. லேபர் றூம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதா என்ன? போன வருசம் அந்த அறைக்கு லைட் பூட்டியவனே அவன்தான்.

அதுதான் இப்போது பிரச்சினை.

எமர்ஜென்சி லைட்டுக்கு ஓயாமல் கரண்ட் வந்துகொண்டிருக்க வேண்டும். வந்துகொண்டிருக்கும்வரை அது பெட்டரியை நிரப்பிக்கொண்டு, சிவப்புப் புள்ளியைக் காட்டிக்கொண்டு சும்மா இருக்கும். கரண்ட் நின்ற கணமே பெட்டரியில் எரியத் தொடங்கும். ஆகவே அதற்கான வயரைச் சுவிட்சுக்கு முந்தியே எடுக்க வேண்டும். சுவிட்சுக்குப் பிந்தி எடுத்தால், யாராவது டியூப் லைட்டை நூர்த்து அணைக்கும் போதெல்லாம் அது ஊரிலேயே கரண்ட் போய்விட்டதென்று நினைத்து எரிந்து எரிந்து, பெட்டரியைக் கொன்றுவிடும்.

இதெல்லாம் சிவதர்ஷனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பிந்தி எடுத்தான்.

முந்தி எடுப்பதென்றால் சீலிங்குக்கு மேல் ஊர்ந்து அடுத்த பக்கம் போக வேண்டும். அன்றைக்குத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். நடுவழியில் தேங்காய் அளவில் ஒரு குளவிக்கூடு. கூட்டுக்காரர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். சிவதர்ஷன் தலையை வெளியே எடுத்து, டியூப் லைட் சுவிட்சிலிருந்தே வயரை இழுத்துக் கொடுத்துவிட்டு, ஏணியை மடக்கினான். 'லேபர் றூமில லைட்ட ஆர் நூர்க்கப்போறான்' என்று தனக்குத்தானே சமாதானமும் சொன்னான்.

இப்போது அந்த அறைக்குள் கம்சாயினி. வானத்தில் இடி.

"ஆரது?"

செக்யூரிட்டி நல்லரத்தினம் குடையை உதறிக்கொண்டு வந்தார். வயதான மனிதர். ஆனால் யூனிபோர்மின் பித்தளைப் பொத்தான்கள் எல்லாம் பளபளத்தன.

"சொந்தக்காரர் ஒருத்தரும் இந்தப் பக்கம் நிக்கப்படாது மனே. ஓடர். கேற்றடிக்குப் போங்க."

கேற்றடிக்குப் போனால் எல்லாம் முடிந்தது. சிவதர்ஷன் பையிலிருந்து டெஸ்டரை உருவி அவருடைய மூக்குக்கு நேரே பிடித்தான்.

"நான் சொந்தக்காரன் இல்ல ஐயா. லைட் பாக்க வந்தனான்."

"அப்படியெண்டா நில்லுங்க."

"ஐயா, கரண்ட் போனா இங்க ஜெனரேட்டர் இருக்குத்தானே?"

"இருக்கு. நல்ல சாமான். ஸ்டார்ட் பண்ணுற ஆள்தான் மகள்ட கலியாணத்துக்குப் போயிட்டான்."

"வேற ஒருத்தருக்கும் ஸ்டார்ட் பண்ணத் தெரியாதா?"

"எனக்கே தெரியும். றூமப் பூட்டித் திறப்ப அவன் கொண்டு போயிட்டான்."

டியூப் லைட்டுகள் மறுபடி கண்ணடித்தன. சிவதர்ஷன் கதவைத் தட்டினான்.

கதவு ஒரு சாண் அளவுக்குத் திறந்தது. முக்காட்டை இறுக்கிச் செருகிய ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. வியர்வை வழிந்தது. சட்டையில் 'ரிப்கா, சிற்றூழியர்' என்று பெயர் குத்தியிருந்தாள். அவளுக்குப் பின்னால் பச்சைத் திரை தொங்கியது. அதற்கு அப்பால் யாரோ பெருமூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"என்ன தம்பி?"

'என் மனைவி' என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. நல்லரத்தினம் பக்கத்திலேயே நின்றார்.

"லைட் பாக்க வந்தனான்."

"இப்ப ஏலா. நாங்க உள்ளுக்க பெரிய கரைச்சலுக்க நிக்கிறம்."

"என்ன கரைச்சல்?"

"காலையில இரிந்து பாக்கிறம், வருகுதில்ல."

"வருகுதில்லையா?"

"அசையிற மாதிரி அசையிது, பொறகு நிண்டுக்கிது. சரியான பெரிசு தம்பி."

கம்சாயினியின் தமையன்மார் எல்லாரும் நிலையில் தலை முட்டாமல் குனிந்து வருகிற ஆட்கள். பிள்ளை தாய்வழிக்குப் போய்விட்டது என்று சிவதர்ஷனுக்கு விளங்கியது.

"டொக்டர் என்ன சொல்றார்?"

"இண்டைக்கு எப்படியும் வெளியால எடுத்துப்போடோணுமாம். வராட்டி வெட்டித்தான் எடுக்கோணும். வெட்டுறதெண்டா மட்டக்களப்பில இரிந்து ஆள் வரோணும். இந்த மழைக்க ஆர் வாறது?"

சிவதர்ஷன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். தன்னால் செய்யக்கூடியது என்ன என்று யோசித்தான். ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது.

"நோனா, அந்த டியூப் லைட் சுவிட்சில மட்டும் ஒருத்தரும் கை வைக்க விடாதீங்க."

"எந்தச் சுவிட்ச்? இதா?"

டக்.

அறை இருண்டது. எமர்ஜென்சி லைட் எரிந்திருக்க வேண்டிய நேரம் அது. அந்த வெள்ளைப் பெட்டி மினுங்கக்கூட இல்லை. உள்ளே ஒரு பெண் 'ஆ' என்று கத்தினாள். ஓர் ஆண்குரல் அதற்கு மேலால் கத்தியது.

"ஆரு லைட்ட நூத்த? கை வழுக்கிட்டு! வந்தது திரும்ப உள்ளுக்குப் போயிட்டு!"

ரிப்கா பதறிப்போய்ச் சுவிட்சைப் போட்டாள். "எல்லாம் உங்களாலதான்!" என்று சிவதர்ஷனைப் பார்த்துச் சொன்னாள். கதவை அறைந்து சாத்தினாள்.

திரும்ப உள்ளுக்குப் போயிட்டு. அப்படி நடக்குமா? நடக்கும் போலத்தான் இருந்தது. ஆண்குரல் டொக்டராகத்தான் இருக்க வேண்டும், டொக்டரே சொல்கிறாரே.

"முகம் வெளுத்துப் போச்சு மனே," என்றார் நல்லரத்தினம். "ஷொக் அடிச்சிட்டா?"

"உங்கட டோர்ச்சத் தாங்க ஐயா."

நல்லரத்தினத்தின் இடுப்பில் முழங்கை நீளத்துக்கு ஒரு டோர்ச் தொங்கியது. கொடுத்தார். சிவதர்ஷன் அழுத்தினான். மஞ்சளாக ஒரு வெளிச்சம் வந்து, அவனுடைய கால் பெருவிரலைத் தொட்டு, அங்கேயே அடங்கியது. உள்ளங்கையில் தட்டினான். முன்பக்கம் கழன்று பல்ப் உருண்டு, வாசலால் உருண்டு, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து ஓடிப்போனது.

"அரசாங்கச் சாமான்," என்றார் நல்லரத்தினம் துக்கத்துடன்.

உள்ளே ஆண்குரல் மறுபடி கேட்டது. "எல்லாரும் மூச்சப் புடிச்சுக்கோங்க. நான் சொல்லக்குள்ள தள்ளோணும். தள்ளு!"

ஒரு பெண் முனகினாள். அது கம்சாயினியின் முனகல்தான் என்று சிவதர்ஷன் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தான். சம்பல் இடிக்கும்போது அவள் இப்படித்தான் முனகுவாள்.

இனி ஒரே வழி. செத்த பெட்டரிக்கு இப்போது கரண்ட் கொடுத்தாலும் நாளைக்குத்தான் பிரயோசனம். ஆனால் கொரிடோரில் அவன் பூட்டிய லைட்டுகள் எல்லாம் ஒழுங்கானவை. குளவி இல்லாத இடத்தில் அவன் மிக நேர்மையான தொழிலாளி. அதோ, எதிர்ச் சுவரில் ஒன்று சிவப்புப் புள்ளியோடு நிற்கிறது. பெட்டரி நிறைய இருக்கும். அதைக் கழற்றி, லேபர் றூம் கதவுக்கு மேலே இருக்கிற காற்றுத் துவாரத்தின் வழியாக உள்ளே வெளிச்சம் விழப் பிடித்தால், கரண்ட் போனாலும் கம்சாயினிக்கு வெளிச்சம் இருக்கும்.

"ஐயா, ஒரு ஸ்டூல் வேணும்."

நல்லரத்தினம் தன் ஸ்டூலைக் கொண்டுவந்தார். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். சிவதர்ஷன் ஏறினான்.

கொரிடோரின் கரண்டை முதலில் நிறுத்த வேண்டும். அது சட்டம். ஆனால் போர்ட்டில் எந்தப் பொத்தான் கொரிடோருக்கு, எது லேபர் றூமுக்கு என்று அவன் எழுதி ஒட்டிய துண்டுகள் எல்லாம் ஈரத்தில் கரைந்து நீலமாக வழிந்திருந்தன. தவறாக ஒன்றை நிறுத்தினால் அந்த அறை இருண்டுவிடும். ஆகவே ஒன்றையும் நிறுத்தாமல், மூச்சை அடக்கிக்கொண்டு, கரண்ட் ஓடுகிற வயரையே கழற்றினான்.

முதல் வயர் நல்லபடியாக வந்தது. அவன் சற்றே சிரித்தான்.

கரண்ட் நின்றதை உணர்ந்த லைட், தான் படைக்கப்பட்ட வேலையைச் செய்தது. அவனுடைய கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இரண்டு பல்புகளும் ஒன்றாகப் பற்றி எரிந்தன.

"அம்மோ!"

கண் தெரியாமல் பின்னால் சாய்ந்தான். பிடிமானத்துக்குக் கையை வீசினான். கழற்றிய வயர் போய் மற்ற வயரில் தொட்டது. பட்டென்று ஒரு வெடி. நீலமாக ஒரு பொறி. கொரிடோர் முடிவிலிருந்து ட்ரிப் சுவிட்ச் விழுகிற சத்தம் வந்தது.

பழைய கட்டிடம் முழுக்க இருண்டது.

ஒரு கணம்தான். அதற்குள் கொரிடோர் நீளத்துக்கு அவன் பூட்டிய எமர்ஜென்சி லைட்டுகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை. கலியாண வீடு மாதிரி இருந்தது. லேபர் றூம் கதவுக் கீறலில் மட்டும் இருட்டு.

"யா அல்லாஹ்!" உள்ளேயிருந்து ரிப்காவின் குரல். "கரண்ட் போயிட்டு!"

"விடாதீங்க, விடாதீங்க!" ஆண்குரல் அலறியது. "தலைப்பக்கம் வெளியால வந்திட்டு! இப்ப விட்டா எல்லாம் போச்சு!"

சிவதர்ஷன் ஸ்டூலிலிருந்து குதித்து ட்ரிப் சுவிட்சுக்கு ஓடினான். தூக்கினான். டக்கென்று விழுந்தது. மறுபடி தூக்கினான். மறுபடி விழுந்தது. வயர்கள் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்வரை அது நிற்காது. ஆபத்தென்றால் விழுவதற்குத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அவன் பூட்டிய எல்லாமே அன்றைக்கு மிகச் சரியாக வேலை செய்தன.

திரும்பி ஓடிவந்தான். சுவரில் தொங்கிய லைட்டை ஆணியோடு பிடுங்கினான். ஸ்டூலை லேபர் றூம் கதவடிக்கு இழுத்து, ஏறி, லைட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காற்றுத் துவாரத்தில் அழுத்தினான். உள்ளே வேறு பெண்களும் இருக்கலாம். எட்டிப் பார்ப்பது அழகில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"ஆ! வெளிச்சம் வருகுது!" என்றது உள்ளே ஒரு குரல். "ஆரோ ஒரு புண்ணியவான்!"

"இனிப் பயமில்ல. எல்லாரும் சேந்து தள்ளு!"

"கால் மாட்டிட்டு சேர்!"

"காலத் திருப்பு. மெல்லத் திருப்பு. முறிச்சுப்போடாத!"

லைட் கனத்தது. மூடிய கண்களிலிருந்து தண்ணீர் வழிந்து மழைத்தண்ணீரோடு கலந்தது. பிள்ளையின் கால். சின்னக் கால். அதை முறித்துப்போடாதே என்கிறார்கள்.

"தள்ளு கம்சா!" என்று அவன் கத்தினான். "விடாத கம்சா! நான் இங்கதான் நிக்கிறன்! தள்ளு!"

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த நல்லரத்தினம் அண்ணாந்து பார்த்தார்.

"ஆரு மனே கம்சா?"

"என்ட மனுசி ஐயா!" இனி மறைத்து என்ன. "நான் பொய் சொன்னனான். உள்ளுக்க கிடக்கிறது என்ட மனுசி. இந்த அறைக்கு லைட் பூட்டினதும் நான்தான். குளவிக்குப் பயந்து பிழையான இடத்தில வயர் எடுத்தனான். கரண்ட நிப்பாட்டினதும் நான்தான். அவளுக்கோ புள்ளைக்கோ ஒண்டு நடந்தா..."



நல்லரத்தினம் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு பெரும் இழுபறி. எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். தரை அதிர்ந்தது. பிறகு ஒரு நீண்ட பெருமூச்சு.

"வந்திட்டு!" என்றது ஆண்குரல். "அல்ஹம்துலில்லாஹ்! முழுசா வந்திட்டு!"

யாரோ கை தட்டினார்கள். யாரோ சிரித்தார்கள்.

சிவதர்ஷன் லைட்டைத் தூக்கியபடியே காதைக் கொடுத்து நின்றான். முதல் அழுகைக்காகக் காத்திருந்தான். மழைச் சத்தம் கேட்டது. நல்லரத்தினத்தின் மூச்சுச் சத்தம் கேட்டது. அழுகை வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தான். அழுகை வரவேயில்லை.

ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. லைட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கதவின் முன்னால் நின்றான். வெளிச்சம் அவன் நாடியிலிருந்து மேலே அடித்தது. தலைமயிர் எல்லாம் முகத்தில் ஒட்டியிருந்தது.

கதவு திறந்தது. ரிப்கா சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவனைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினாள்.

"ஏன்?" லைட்டை விடாமலே கேட்டான். "ஏன் நோனா சத்தமில்ல? என்ட புள்ள ஏன் அழேல்ல?"

ரிப்கா அவனைப் பார்த்தாள். நல்லரத்தினத்தைப் பார்த்தாள். நல்லரத்தினம் அவளுடைய காதில் நாலு வார்த்தை சொன்னார். அவள் நெஞ்சில் கையை வைத்தாள்.

"நாங்க பின்கதவால தள்ளின பழைய இரும்புக் கட்டில் எங்கயாவது அழுமா தம்பி? லேபர் றூம் பின்னுக்குப் புதுக் கட்டிடத்துக்குப் போய் ஒரு மாசமாச்சு. உங்கட பொஞ்சாதிக்கு அங்க பொம்புளப் புள்ள பொறந்து, தாயும் புள்ளையும் சோக்கா இரிக்காங்களாம், மாமி கேற்றடியில இந்த ஐயாட்டச் சொல்லிப்போட்டு உங்களத்தான் தேடித் திரியிறாவாம். கரண்ட் போனாலும் ஒண்டுக்கும் பயப்படாதீங்க, அங்க லைட் பூட்டினது வேற ஆள்."